பொடோமாக் கரையில் எந்தப் பாதை?

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அக்டோபரில் நீயும் தங்கையும் மகன் வீட்டுக்கு வரும்போது ஒரு நாள் முழுவதும், அமெரிக்காவின் வாஷிங்டன் நகரை ஒட்டி ஓடும் பொடோமாக் ஆற்றங்கரையில் நடக்க வேண்டும் என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், "மைல் கணக்கில் குறைந்த பாதையாகப் பார்த்து வை" என்று எழுதியிருக்கிறாயே, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அதே கணக்கைப் போட்டுத்தான் ஏமாந்தேன்.

மேரிலாந்து கரையில், கிரேட் ஃபால்ஸ் அருவிக்குக் கீழே, 'பில்லி கோட்' என்று வெள்ளாட்டுக் கிடாயின் பெயரால் வழங்கும் பாதை மூன்று துண்டுகளாக இருக்கிறது. 'ஏ' 1.7 மைல், 'பி' 1.4, 'சி' 1.6, வரைபடத்தில் மூன்றும் உடன்பிறந்தவை போலத் தெரியும். 'ஏ' பகுதியிலோ மண்ணில் கால் படும் இடமே குறைவு. பாறைகளில் தீட்டியுள்ள நீலப் பட்டைகளைத் தேடித் தேடி, சில இடங்களில் கையையும் ஊன்றித்தான் நகர முடியும். ஏறத்தாழ 50 அடி உயரமுள்ள ஒரு பாறைச் சரிவும் உண்டு. முந்தைய இரவு பெய்த மழையின் ஈரம் காயாத அந்தச் சரிவில், கடைத்தெருவுக்குப் போட்டுப் போகும் தேய்ந்த செருப்போடு ஏறிய எனக்குப் பாதியில் இடது கால் வழுக்கி முழங்கை சிராய்த்தது. மேலே போகவும் துணிவின்றி, கீழே இறங்கவும் வழியின்றி, சுவரில் பல்லியைப் போல ஒட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த ஒரு சிறுமிதான் எந்த வெடிப்பில் காலை வைக்க வேண்டும் என்று காட்டினாள். திரும்பிவிடலாம் என்றால் அது ஒருவழிப் பாதை. பாதித் தொலைவில் விலகிச் செல்ல ஒரு கிளைவழி இருந்தும், வீம்பினால் அதையும் விட்டுவிட்டேன்.

ஆகவே தங்கையின் முழங்காலுக்கு ஏற்றது, ஆற்றை ஒட்டியே செல்லும் பழைய படகுக் கால்வாயின் கரைதான். கோவேறு கழுதைகள் படகுகளை இழுத்துக்கொண்டு நடந்த கரை அது. 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றுவிட, இன்று ஜார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லாண்டு வரை 184.5 மைல், ஏறக்குறைய சமதளமாகவே கிடக்கிறது. அங்கிருந்து பிரியும் பலகைப் பாதையில் ஓம்ஸ்டெட் தீவைக் கடந்தால் அருவி நேர் எதிரே தெரியும். சக்கர நாற்காலியும் போகும். பாறைகளுக்கிடையே ஆறு கிழிந்து கிழிந்து விழுவதைப் பார்த்தால் உனக்கு ஒகேனக்கல் நினைவு வரும். பரிசலும் எண்ணெய்க் குளியலும் மீன் வறுவலும்தான் இல்லை.

எதிர்க்கரையில், வர்ஜீனியா பூங்காவில், வெள்ளம் ஏறிய உயரங்களை ஆண்டுவாரியாகக் குறித்த கம்பம் ஒன்று நிற்கிறது. உச்சியில் இருப்பது 1936. பாறை விளிம்பில் நின்று அதை அண்ணாந்து பார்த்தவன், ஆற்றில் கால் நனைக்கக்கூட ஏன் தடை என்று கேட்க மாட்டான்.

காலையில் மூவரும் தீவுக்குப் போவோம். பிறகு தங்கை கால்வாயோரம் ஆமைகளைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். நாம் இருவரும் மூன்றிலும் எளிதான 'சி' பகுதியை மட்டும் நடந்துவிட்டு வருவோம். முந்தின நாள் மழை பெய்திருந்தால் அதுவும் வேண்டாம். காலணியை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே; இப்போதே வாங்கி, ஒரு மாதம் கொள்ளிடக் கரையில் நடந்து காலுக்குப் பழக்கிக் கொண்டு வா.

அன்புடன்,
உன் ராஜு