புதுப்பித்த தெருவில் உட்கார இடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கடைவீதிகளையும் பேருந்து நிலையங்களையும் புதுப்பிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சாலை அகலம், மழைநீர் வடிகால், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் விவரமாக இருந்தது, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் தினமும் நடக்கிற, நிற்கிற, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆளுக்கு வேலை முடிந்த பிறகு அங்கே எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லையே?

நான் தருமபுரி பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். வருகிற போகிற ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் பாதிப் பொழுது. விடியற்காலையில் பூ மார்க்கெட்டுக்குச் சாமந்தி மூட்டை வந்து இறங்கும்போது பார்த்தால் ஒரு ஊர், மதியம் பார்த்தால் வேறு ஊர். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்து பாருங்கள். பென்னாகரம், பாப்பாரப்பட்டி, அரூர் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற ஜனம், அரிசிப் பையும் பெயிண்ட் வாளிக்குள் கரணையும் ரசமட்டமும் தோளில் தூங்கி விழுகிற குழந்தையுமாகக் கடைப்படிகளில் உட்கார்ந்திருப்பார்கள், டீக்கடை பாய்லர் அணையாது, ஒருவர் போனில் சத்தமாக மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கூட்டம் இருக்கிறவரைக்கும், பத்தரை மணிக்குத் தனியாக வந்து இறங்குகிற நர்சுப் பெண் பயமில்லாமல் ஆட்டோ ஸ்டாண்டு வரை நடந்து போகிறாள். எந்த எஸ்டிமேட்டிலும் இதற்கு ஒரு ஐட்டம் கிடையாது.

அதற்காகப் பழசெல்லாம் அப்படியே கிடக்கட்டும் என்று சொல்பவன் இல்லை நான். மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டவேண்டிய சந்து எந்த ஊரில்தான் இல்லை?

எங்கள் மாவட்டத்திலேயே ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். அங்கே கடைவீதியைப் புதுப்பித்தார்கள். பேவர் பிளாக் பதித்து, எவர்சில்வர் கம்பி கட்டி, வரிசையாக எல்இடி விளக்கும் போட்டாயிற்று. நடுவில் இரண்டு புங்க மரம் இருந்தது, அதை மட்டும் காணோம். மரத்தடியில் சாக்கு விரித்துக் கீரையும் அவரையும் விற்ற அம்மா இப்போது தெருக்கோடியில் ஒரு டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டேன். "வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா சாமி சந்நிதியில நிக்கற மாதிரி கூச்சமா இருக்கு, குத்தவச்சு உக்கார முடியல. ரெண்டு மணிக்கு அந்தக் கல்லுல கால வச்சுப் பாரு, தெரியும்" என்றார். அதே ஊரில் கல்லூரியில் படிக்கிற என் அக்கா மகளைக் கேட்டால், "முன்னாடி ஏழு மணிக்கு மேல அந்தப் பக்கம் போகவே மாட்டேன் மாமா, இப்ப ஃப்ரெண்ட்ஸோட ஐஸ்கிரீம் சாப்பிடப் போறோம்" என்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் நிஜம். தெரு ஒன்றுதான், ஒருத்திக்குத் திறந்திருக்கிறது, இன்னொருத்தியை வெளியே தள்ளியிருக்கிறது. வேலை ஆரம்பிக்கும் முன்னால் இருவரையும் யாராவது கேட்டிருந்தால் விளக்கும் வந்திருக்கும், மரமும் நின்றிருக்கும்.

2015இல் ஆரம்பித்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நாடு முழுக்க 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. பக்கத்துச் சேலம் உண்டு, தருமபுரி இல்லை. அப்போது வருத்தமாக இருந்தது, இப்போது யோசித்தால் ஒரு வகையில் லாபம், அவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டுச் செய்யலாம். சென்னை பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள். சாயங்காலம் போனால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள், காசு செலவழிக்காமல் உட்கார முடிகிறது, அது பெரிய விஷயம். ஆனால் அதற்கு முன்பே அங்கிருந்த நடைபாதைக் கடைக்காரர்களை ஒரு மாடிக் கட்டடத்துக்குள் அனுப்பியாயிற்று. ஹேர்பின்னும் கர்சீப்பும் வாங்க யார் மாடி ஏறுவார்கள்?

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது என்றால், நகர விற்பனைக் குழு ஒன்று இருக்கவேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த ஆட்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், யாரையும் இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்பே நோட்டீஸ். அந்தக் கீரைக்கார அம்மாவுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. அவருக்குத் தெரிந்தது, பணி நடக்கிறது என்று வைத்த பேனரில் இருந்த கம்ப்யூட்டர் படம்தான். அந்தப் படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? கோட்டு போட்ட ஆள் ஒருவர் பெட்டியோடு நடப்பார், ஒருவருக்கும் வியர்க்காது, ஒரு பலாச்சுளை தள்ளுவண்டிகூட இருக்காது.

சர்வே எடுக்க வருகிறவர்கள் பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்து டேப் பிடித்துவிட்டுப் பன்னிரண்டுக்குப் போய்விடுகிறார்கள். அப்புறம் எப்படித் தெரியும்? விடியற்காலை ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை, ஞாயிறு ராத்திரி ஒரு தடவை வரட்டும். முழங்கால் வலிக்கிற ஒரு பாட்டியோடு தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, எங்கே எல்லாம் உட்காரத் தேடுகிறார் என்று குறித்துக்கொள்ளட்டும். ராத்திரியில் பெண்கள் கழிப்பறை திறந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களைக் கேட்டால் எந்த மூலையில் விளக்கு வேண்டும், எந்த மூலையில் விளக்கு போட்டும் பிரயோசனமில்லை என்று டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார்கள். இதற்கெல்லாம் தனியாக நிதி ஒதுக்கத் தேவையில்லை.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிக் கட்டுரைக்குத் திறப்பு விழா அன்று எடுத்த படத்தைப் போடாதீர்கள். ஒரு வருஷம் கழித்து, சித்திரை மாதம், மதியம் இரண்டு மணிக்குப் போய் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்கார வாசகர், தருமபுரி