மூன்றரை மீட்டரில் வந்த வாசம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நான் சைட்டில் கிடந்ததால் பதில் தாமதம். பேத்திக்குக் காது குத்திய படம் பார்த்தேன். அப்படியே உன் மூக்கு, பாவம்.

பைபாஸ் பக்கம் பார்த்திருக்கும் மனையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய பெட்ரோல் பங்க் இருந்த இடம், டேங்கைத் தோண்டி எடுத்தாயிற்று, மேலே செம்மண் கொட்டியிருக்கிறது, விலையும் சல்லிசு என்கிறாய். அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதே. இந்த மாதம் நான் பார்த்த வேலையை எழுதுகிறேன், உனக்கே புரியும்.

வடசென்னையில் ஒரு பங்க். பக்கத்து வீட்டு அடிபம்பில் பெட்ரோல் நாற்றம் என்று புகார். 2013-ல் தண்டையார்பேட்டையில் போர்வெல் தண்ணீரோடு எண்ணெய் வந்தது உனக்கு நினைவிருக்கும். அந்தப் பக்கத்து ஜனங்கள் இப்போதும் குடத்தை மோந்து பார்த்துவிட்டுத்தான் தூக்குகிறார்கள்.

கட்டடத்துக்கு மண் பரிசோதனை என்றால் பென்டோனைட் என்ற களிமண் கலவையை விட்டுத் துளை போட்டு மளமளவென்று இறங்கிவிடுவோம். இதில் ஒரு வாளி தண்ணீர்கூட விடக்கூடாது, தேடுகிற பொருளே கழுவிக்கொண்டு போய்விடும். முதல் ஒன்றரை மீட்டர் கடப்பாரைதான். கீழே எந்தக் குழாய், எந்த கேபிள் எப்படிப் போகிறது என்று பங்க்காரருக்கே தெரியவில்லை. அதற்குக் கீழே ஆகரால், அதாவது திருகு மாதிரியான துளைக்கருவியால் குடைந்து, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து போட்டு ஸ்பூனை இறக்கினோம். ஸ்பூன் என்றால் மண்ணை அள்ளி வரும் குழாய், நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கலாம்.

முதல் நாளே சண்டை. போர் போடும் தம்பி ராடு மரையெல்லாம் பளபளவென்று கிரீஸ் பூசிக்கொண்டு வந்து நிற்கிறான். "இல்லாட்டி கழட்ட வராது சார்" என்கிறான். அவன் சொல்வதும் நியாயம்தான். ஆனால் கிரீஸும் பெட்ரோலியத்துக்குப் பிறந்ததுதானே! அத்தனை ராடையும் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிய கையோடு சாம்பிளைத் தொட வந்த பையனை விரட்டினேன். பெயர் எழுத மார்க்கர்கூட வேண்டாம், பென்சில் போதும் என்றேன். சைட்டில் எனக்குக் கிறுக்கு என்று பேராகிவிட்டது.

ஸ்பூனைப் பிளந்து பார்ப்பது எனக்கு இன்னும் சலிக்கவில்லை மாப்ளே. இரண்டு மீட்டரில் உடைந்த செங்கலும் பழுப்பு மணலும். மூன்றில் வெறும் மணல், வாசமே இல்லை. பங்க் மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார். மூன்றரையில் மணல் சாம்பல் நிறத்துக்கு மாறியது, பிளந்ததும் குப்பென்று அடித்தது. கொஞ்சத்தை ஜிப் பையில் அடைத்துப் பத்து நிமிடம் விட்டு, ஆவி மீட்டரின் முனையை நுழைத்தோம். அதுவரை ஒற்றை இலக்கத்தில் நின்ற எண் நூறுகளுக்குத் தாவியது. 4.2 மீட்டரில் தண்ணீர். ஐந்தரைக்குக் கீழே மறுபடி சுத்தம். டீ ஆறிப்போயிருந்தது.

பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, இறங்கிப் போய் நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் கூடவே இறங்கும், ஐப்பசி மழைக்கு ஏறும். போகிற வழியெல்லாம் மணல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு, ஒரு பட்டையாகத் தங்கிவிடும். உன் மனையில் டேங்க் போயிருக்கலாம், பட்டை போயிருக்காது. மேலே கொட்டிய செம்மண்ணை மோந்து பார்த்து ஒன்றும் ஆகாது. பெட்ரோலில் இருக்கும் பென்சீன்தான் எனக்குப் பயம். புற்றுநோய் தரும் பொருள், தண்ணீரில் கரைந்தும் போகும். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அது மூக்குக்கு எட்ட அதைப்போலப் பல மடங்கு இருக்க வேண்டும்.

சாம்பிள் எல்லாம் ஐஸ் பெட்டியில் லேபுக்குப் போனது. கூடவே சுத்தமான தண்ணீர் நிரப்பிய குப்பி ஒன்றும் போகும். அதில் பென்சீன் காட்டினால் குற்றம் மண்ணில் இல்லை, எங்கள் கையில். இதையெல்லாம் டிரைவருக்கு விளக்கிக்கொண்டே வருகிறேன், அவன் பாட்டுக்கு டீசல் போட வண்டியை ஒரு பங்க்குக்குள் விடுகிறான்! போட்ட சத்தத்தில் இன்னும் தொண்டை கட்டியிருக்கிறது. முடிவு வர இன்னும் ஒரு வாரம் ஆகும்.

நீ ஒன்று செய். டேங்க் எந்த மூலையில் புதைந்திருந்தது, டேங்கர் லாரி எங்கே நின்று இறக்கியது என்று எதிர்த்த டீக்கடைக்காரரிடம் விசாரித்து வை. விற்கிறவரிடம் கேட்காதே. பொங்கலுக்கு வரும்போது கை ஆகரோடு வருகிறேன், தங்கச்சியை வத்தக்குழம்பு வைக்கச் சொல். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து எழுது. எத்தனை ராடு எடுத்து வருவது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

உன்
பழைய ரூம்மேட்