கண் தெரியும்போதே படம் எடுத்துவிடு

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய் என்று கிளினிக்கில் சொன்னதும் மாத்திரை வாங்கிக்கொண்டாய், சரி. கண்ணின் உள்பக்கத்தைப் படம் எடுக்கக் கொடுத்த தேதிக்கு மட்டும் போகவில்லை. கேட்டால், "கண்ணுதான் நல்லா தெரியுதேம்மா" என்கிறாய். போனில் இதை முழுசாகச் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்து நிதானமாகப் படி.

கண் நன்றாகத் தெரிகிறது என்பதால் உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் விழித்திரையில் மயிரிழையைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றை ஒட்டி மைக்ரோகிளியா என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன. நீ என் வயிற்றில் இருந்தபோதே அங்கே குடியேறியவை அவை. கிளை கிளையான கைகளை ஓயாமல் நீட்டி, சுற்றிலும் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

எதிர்ப்புச் செல் என்றால் கிருமியோடு சண்டை போடுவது என்றுதான் எங்கள் நர்ஸ் படிப்பில் சொல்லித் தந்தார்கள். இந்தச் செல்களின் வேலை அதோடு நிற்கவில்லை. ஒரு பக்கம் நரம்புச் செல்லையும் மறுபக்கம் ரத்தக் குழாயையும் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று 2021-இல் மெல்பர்ன் ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் காட்டினார்கள். சைகை கிடைத்ததும், அவை தொடுகிற இடத்தில் குழாய் சுருங்குகிறது. தோட்டத்து லயன் வீடுகளில் எந்த வரிசைக்கு எவ்வளவு தண்ணீர் என்று வால்வைத் திருப்புகிற ஆள் மாதிரி, ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொள்கின்றன. அந்த எலிகளுக்குச் சர்க்கரை நோய் வந்த நான்கே வாரத்தில் இந்தக் கட்டுப்பாடு கெட்டுவிட்டது. எலி வேறு, மனிதன் வேறு, தெரியும். இருந்தாலும் அந்த நான்கு வாரம் என்னை உலுக்கிவிட்டது. உனக்குச் சர்க்கரை எப்போது ஏறத் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாதே அப்பா. உனக்கு வந்திருக்கிற டைப் 2 ரகச் சர்க்கரை நோய் சத்தமில்லாமல் பல வருடம் உடம்பில் இருந்துவிட்டுத்தான் பிடிபடும். அதனால்தான் நோய் தெரிந்த உடனே கண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

சர்க்கரை ஏறியே கிடந்தால், காவல் காத்த அதே செல்கள் அழற்சியைத் தூண்டும் பொருள்களை வெளியிடும். வெள்ளை அணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி வழியை அடைக்கும். சுவர் புடைத்துக் கசியும். ரத்தம் கிடைக்காத பகுதி புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லும், அவையோ தொட்டால் உடைகிற ரகம். இத்தனைக்கும் வலி என்பது துளியும் இருக்காது.

உன் பாட்டிக்கு அப்படித்தான் நடந்தது. முந்தின வாரம்வரை கோயிலுக்கு மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார், ஊசியில் நூலும் தானே கோத்தார். ஒரு நாள் காலையில் கொல்லையில் நின்றுகொண்டு, "கண்ணுக்குள்ள கறுப்பு நூல் ஓடுது, புள்ள" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கண் முழுக்கப் புகை மூடிவிட்டது. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. அதற்கு முன் அவர் கண்ணை யாரும் படம் எடுத்ததில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் அதற்கு வசதியும் கிடையாது. இப்போது கிளினிக்கிலேயே கேமரா இருக்கிறது.

நம் நாட்டில் இந்த நோய் இந்தியர்களிடம்தான் அதிகம் என்று 2019 தேசிய சுகாதார ஆய்வும் சொன்னது. உன் அப்பாவோடு செம்பனை வெட்டியவர்களைப் பார்த்தாலே தெரியும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பிரிட்டனில் புதிதாக டைப் 2 வந்தவர்களைப் பல வருடம் கவனித்து 1998-இல் முடிவு வெளியிட்டார்கள். சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குச் சிறு ரத்தக் குழாய்ச் சேதம் 25 சதவீதம் குறைந்தது. கண்ணுக்கு லேசர் வைக்க வேண்டியவர்களும் குறைந்தார்கள். ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள். தே தாரேக் என்கிற ஆற்றின பால் டீயை விடமுடியாவிட்டால், சர்க்கரை போடாமல் 'கோசோங்' என்று சொல்லி வாங்கிக் குடி.

கண் படத்துக்குப் போகும்போது மோட்டாரில் போகாதே. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், வெயிலும் கூசும். கூட இருக்கும் பையனைக் காரில் கொண்டுவிடச் சொல். அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும், இந்த மாதம் வீட்டுக்குக் குறைத்து அனுப்பு. டாக்டர் என்ன சொன்னார், அடுத்து எப்போது வரச் சொன்னார் என்று அன்றைக்கே எனக்குச் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா