பழைய மணலைப் புதுத் தொட்டியில் கொட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், வீட்டில் கடல்மீனும் உயிருள்ள பவளமும் வளர்க்கிற பவளத் தொட்டியைப் பெரிய தொட்டிக்கு மாற்றுவது பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. பழைய தண்ணீரையும் பழைய மணலையும் அப்படியே மாற்றிவிட்டால் மீன் சாகாது என்று அதில் எழுதியிருந்தார்கள். தண்ணீர் விஷயம் பாதி சரி. மணல் விஷயம் முழுத் தப்பு. அதை நம்பிச் செய்தால் மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிற பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டு இருப்பதில்லை. அது ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பு வேண்டும். பெரும்பகுதி தொட்டிக்குள் அடுக்கியிருக்கும் கல்லில்தான் குடியிருக்கிறது. கல் ஈரம் காயாமல் போய்ச் சேர்ந்தால் தொட்டியின் உயிர் போய்ச் சேர்ந்த மாதிரி. மணலின் மேல்பரப்பிலும் பாக்டீரியா உண்டுதான். ஆனால் இரண்டு மூன்று வருடம் கிடந்த மணலின் அடியில் இருப்பது வேறு சரக்கு. தொட்டியின் பக்கக் கண்ணாடியில் மணல் அடுக்கைப் பாருங்கள்: மேலே வெள்ளை, நடுவில் பழுப்பு, அடியில் மை பூசியது போல ஒரு கறுப்புக் கோடு. அந்த இடத்தில் விரலை விட்டுக் கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு. கூடவே இத்தனை நாள் தின்னாமல் விட்ட தீனி, கழிவு, பாஸ்பேட் எல்லாம் அங்கேதான் அடங்கிக் கிடக்கிறது. கிளறாத வரை தொந்தரவு இல்லை. அள்ளிக் கொட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலக்கும். கடல்நீரின் பி.எச். 8.2 பக்கம் இருப்பதால், நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்கிற அம்மோனியா அளவுகூட இங்கே விஷம்.

சந்தேகம் இருந்தால் முன்னாடியே சோதித்துப் பார்க்கலாம். அடிமணலில் அரை டம்ளர் எடுத்து, ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரில் போட்டு நன்றாகக் குலுக்கி, தெளிந்ததும் மேல்நீரை அம்மோனியா கிட்டில் பாருங்கள். நிறம் மாறினால் அந்த மணலைத் தொட்டிக்குள் விடக்கூடாது. புது அரகோனைட் மணல் (கடல் தொட்டிக்கான சுண்ணாம்பு மணல்) வாங்கி, தண்ணீர் தெளியும் வரை கழுவிப் போடுங்கள். நாலடிக்கு இரண்டடித் தரையில் இரண்டரை செ.மீ. பரப்ப 25 முதல் 30 கிலோ போதும். பழைய மணலின் மேல்பரப்பிலிருந்து ஒரே ஒரு டம்ளர் மட்டும் பாக்டீரியா வித்துக்காகத் தூவலாம். வைகை மணலோ எம்-சாண்டோ வேண்டாம். எத்தனை தடவை அலசினாலும் கலங்கல் நிற்காது.

இனி தண்ணீர். மூணுக்கு ஒண்ணரைக்கு ஒண்ணரை அடித் தொட்டியிலிருந்து நாலுக்கு இரண்டுக்கு இரண்டுக்கு மாறுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் புதுத் தொட்டியின் மொத்தக் கொள்ளளவு 453 லிட்டர். கல், மேலே விடும் இடைவெளி போக உள்ளே நிற்பது 380 லிட்டர். கீழே ஸ்டாண்டுக்குள் வைக்கிற வடிகட்டித் தொட்டியான சம்ப்பில் ஒரு 70. பழைய தொட்டியில் மேலாகத் தெளிவாக எடுக்கக்கூடியது 100 லிட்டர். மிச்சம் 350 லிட்டர் புதிதாகக் கலக்க வேண்டும். லிட்டருக்கு 36 கிராம் என்று 12 முதல் 13 கிலோ கடல்மீன் தொட்டி உப்பு. தண்ணீரை முதலில் நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, உப்பை அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும். ஒரு நாள் முழுக்கச் சுற்றவிட்டு, உப்பளவு ஆயிரத்துக்கு 35, சூடு 26 டிகிரி, அல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்த கார்பனேட்டின் அளவு, டி.கே.எச். என்பது அதன் அலகு) பழைய தொட்டியைவிட ஒரு டி.கே.எச்.சுக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அல்கலினிட்டி 8-இல் இருந்த பவளத்தை 12-க்குக் கொண்டுபோனால் நுனி கருகும்.

நம் ஊரில் போர் தண்ணீரை உப்புத் தண்ணீர் என்று சொல்லிப் பழக்கம். அந்த உப்பு வேறு, கடலுப்பு வேறு, அதனால் போர் தண்ணீரில் கலக்க வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. மிஷினிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது: ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடுகிற திருகு பல மிஷின்களில் உண்டு. அதை மூடிவிட்டு, வருகிற தண்ணீரை மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்கிற டி.ஐ. ரெசின் வழியாக விட்டு, கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டிய பிறகு பிடியுங்கள். மண்டபத்திலிருந்து கேனில் கடல்நீர் கொண்டுவருகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் எடுக்க வேண்டாம். கரையோரத் தண்ணீரின் உப்பளவு அப்போது இறங்கிக் கிடக்கும், கலங்கலும் அதிகம்.

புதுத் தொட்டியைக் கண்ணாடிக் கடையில் ஒட்டச் சொல்கிறவர்கள், பூஞ்சைக்கு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டி ஒரு வாரம் காயட்டும். வினிகர் வாடை துளிகூட இருக்கக்கூடாது. பிறகு வெறும் தண்ணீர் நிரப்பி 48 மணி நேரம் கசிவு பாருங்கள். ஸ்டாண்டின் நாலு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது கட்டாயம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 650 கிலோ அதன்மேல் உட்காரப்போகிறது. மாடி வீடு என்றால் சுவரோரமாக, உத்திரத்தின் மேல் வைப்பதே நல்லது.

மாற்றுகிற நாளைக் குறிக்க உங்கள் நாளிதழே உதவும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தப் பகுதிக்கு எந்த நாள் என்று அதில் வருகிறது. அந்த நாளைத் தவிர்த்துவிட்டு, சித்திரை, வைகாசி என்றால் வெயில் ஏறுமுன் விடியற்காலையில் ஆரம்பியுங்கள். முதலில் தெளிந்த தண்ணீரை டிரம்களில் உறிஞ்சுங்கள். ரசாயனம் வந்த நீல டிரம் எத்தனை கழுவினாலும் ஆகாது. அடுத்து பவளங்கள். பூப்போல விரிந்து கல்லில் ஒட்டி வாழும் கடல் அனிமோனைக் கல்லோடு சேர்த்துத் தூக்க வேண்டும். பிய்த்து எடுத்தால் அடிப்பாதம் கிழிந்து அழுகி, தான் சாவதோடு தண்ணீரையும் கெடுக்கும். அடுத்து கல். மணல் கலங்காமல் மெல்லத் தூக்கி, கடல்நீர் நிரம்பிய தொட்டிகளில் முழுக்க மூழ்க வைத்து, ஒரு சிறு மோட்டாரும் போடுங்கள். காற்றில் காய்ந்தால் கல்லுக்குள் இருக்கும் கடற்பஞ்சு செத்து, அதிலிருந்தே அம்மோனியா வரும்.

மீன் கடைசி. கல் இருக்கும்போது வலையைப் போட்டுத் துரத்துவது வீண் வேலை. கல் எல்லாம் போய், தண்ணீர் 15 செ.மீ. இருக்கும்போது இரண்டு வலையால் அணைத்தால் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடலாம். மூடியுள்ள வாளி, பேட்டரி ஏர் பம்ப். மூடி மறந்துவிட்டால் தரையில்தான் தேட வேண்டும். ராஸ் வகை மீன் மணலில் புதைந்து தூங்கும். எண்ணிக்கை சரிபார்க்காமல் மணலை அள்ளாதீர்கள்.

கல்லைப் பிடிக்கும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பாலிதோவா, ஜோவாந்தஸ் என்கிற பட்டன் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் வெந்நீரில் போடுவதும் உயிருக்கே ஆபத்து. ஆவியை மூச்சில் இழுத்தாலே போதும்.

புதுத் தொட்டியில் கல்லை வெறும் கண்ணாடித் தரையில் நிலையாக அடுக்கிவிட்டுப் பிறகு மணலைப் போட வேண்டும். மணல்மேல் அடுக்கினால் குழி பறிக்கிற மீன் ஒருநாள் கோபுரத்தைச் சாய்த்துவிடும்.

அடுத்தது, மின்வெட்டு உள்ள ஊரில் அவசியம் பார்க்க வேண்டியது. சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிற ரிட்டர்ன் மோட்டார் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர், அந்த மோட்டாரின் திருப்புக்குழாய் வாய் வரைக்கும் சம்ப்புக்கு இறங்கும். நாலுக்கு இரண்டடித் தொட்டியில் ஒரு செ.மீ. என்பது 7.4 லிட்டர், குழாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 37 லிட்டர் கீழே வரும். சம்ப்பில் அந்த இடம் இல்லையென்றால் கூடத்தில்தான் கடல். குழாய் வாயை மேல்மட்டத்திலிருந்து ஒரு செ.மீ.க்குள் வையுங்கள், அல்லது நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே காற்றுத்துளை போட்டு, அதை உப்பு அடைக்காமல் வாராவாரம் குத்திவிடுங்கள். மீனை விடுமுன் சுவிட்சை மூன்று தடவை அணைத்துப் பாருங்கள். இன்வெர்ட்டரில், தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றுகிற அலை மோட்டாரை மட்டும் இணைத்தால் போதும். ஆக்சிஜனுக்கு அது ஓடினால் சரி. சுவரில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் தொட்டிக்குள் கை வைக்காதீர்கள்.

விளக்கு புதிதாக இருந்தால் பாதி வெளிச்சத்தில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். அந்த இரண்டு வாரமும் தினம் அம்மோனியா பாருங்கள், தீனியைப் பாதியாக்குங்கள், புது மீன் வாங்காதீர்கள். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புநீர் அல்ல.

பெரிய தொட்டிக்குக் கூடுதல் கல்லை ராமேஸ்வரம் பக்கம் பொறுக்கிக்கொள்ளலாம் என்ற தொனியும் அந்தக் குறிப்பில் இருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கல்பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஒரு துண்டை எடுத்துவந்தாலும் குற்றம். செராமிக் கல் கிடைக்கிறது. அதைத் தனி டிரம்மில் பழைய கல் ஒன்றோடு சேர்த்து ஆறு வாரம் ஓடவிட்டால் பாக்டீரியா ஏறிக்கொள்ளும்.

மிஞ்சிய உப்புநீரைத் தென்னை, முருங்கை அடியில் ஊற்றாமல் சாக்கடையில் விடுங்கள். வேண்டாத மீனைக் கண்மாயில் விட்டால் உப்பில்லாமல் சாகும். தூத்துக்குடிக் கடலில் விட்டால் தொட்டி நோயும் கூடவே கடலுக்குப் போகும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கடல்மீன் தொட்டி பராமரிக்கும் வாசகர்,
கோ. புதூர், மதுரை.