இரண்டு சூறாவளி சேர்ந்தால் இரட்டைச் சூறாவளி ஆகாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

அருகருகே நெருங்கும் இரண்டு சூறாவளிகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட செய்தியில், இரண்டும் ஒன்றுசேர்ந்து ராட்சதப் புயலாகிவிடும் என்று படித்தேன். பயப்பட வேண்டியதுதான். ஆனால் பயம் அங்கே இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது.

சுமார் 1,400 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால், இரண்டும் நடுவிலுள்ள ஒரு புள்ளியைச் சுற்ற ஆரம்பிக்கலாம். இரண்டு பிள்ளைகள் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சம பலம் என்றால் இரண்டும் சுற்றும். ஒன்று பெரிதென்றால் சின்னது இழுபடும், சில நேரம் பெரியதற்குள்ளேயே கரைந்துபோகும். 2021 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே செரோஜா புயல் ஒடெட்டை அப்படித்தான் விழுங்கியது. அதனால் பலம் இருமடங்காகிவிடாது. ஒன்றின் உச்சியிலிருந்து வெளியேறும் காற்று மற்றொன்றைச் சிதைப்பதும் உண்டு. ஜப்பானிய வானிலை அறிஞர் சகுஹெய் புஜிவாரா 1921-இல் நீர்ச்சுழல்களை வைத்து இப்படி ஒன்றையொன்று சுற்றுவதை விளக்கியதால், இதற்குப் புஜிவாரா விளைவு என்றே பெயர்.

உண்மையான ஆபத்து பாதை மாறுவதில்தான். 2009 அக்டோபரில் பர்மா (Parma) என்ற புயல் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவைக் கடந்து கடலுக்குப் போனது. சரி, போய்விட்டது என்று இருந்திருக்கலாம். ஆனால் கிழக்கே மெலோர் என்ற பெரும்புயல் வந்துகொண்டிருந்தது. அதன் இழுப்பில் பர்மா தயங்கி நின்றது, திரும்பி வந்தது, மறுபடியும் லூசோன் மேலேயே ஏறியது. நாள்கணக்கில் மழை. பெங்கெட் மலைப்பகுதியில் நிலச்சரிவுகள். அணைநீர் திறக்கப்பட்டுப் பங்காசினான் சமவெளி மூழ்கியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இத்தனைக்கும் அந்த இரண்டு புயல்களும் ஒன்றுசேரவே இல்லை.

தனியாக வரும் புயலின் பாதையைக் கணிப்பதே கடினம். இரண்டு வந்தால், ஒன்றைப் பற்றிய கணிப்பில் விழும் சிறு பிழை மற்றதன் கணிப்பையும் கெடுத்துவிடும். அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இரண்டு புயல்கள் நெருங்கும்போது, இரண்டின் பாதைகளையும் ஒரே வரைபடத்தில், கணிப்பு எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதோடு தினமும் போடுங்கள். முதல் புயல் கரையைக் கடந்ததும் 'ஆபத்து நீங்கியது' என்று தலைப்பிட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இன்னொன்று சுழன்றுகொண்டிருந்தால், மக்கள் வீடு திரும்பலாமா என்பதை வானிலை அலுவலகம் சொல்லும்வரை அந்தத் தலைப்பை நிறுத்திவையுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்