ரகுவுக்கு, கப்பல் சாப்பாடு விஷயமாக

அன்புள்ள ரகு,

மூன்று வாரமாகப் பதில் போடாதது என் தப்புதான். அம்மாவுக்கு முழங்கால் தேறி வருகிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சுமதியின் வேலை மாற்றத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதில் சொல்ல நிறைய இருக்கிறது. இன்றைக்கு உட்கார்ந்தது உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் நீ எழுதிய இரண்டு வரிக்காக. ஏழு ராத்திரி கப்பல் பயணம், இஷ்டப்பட்ட நேரத்தில் இஷ்டப்பட்ட உணவகத்தில் சாப்பிடும் திட்டத்தைப் போட்டாயிற்று என்பது முதல் வரி. நிலாவின் நிலக்கடலை அலர்ஜியை அங்கே போய் வெயிட்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்பது இரண்டாவது.

முதல் வரியில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சொன்ன நேரத்துக்கு எங்கேயும் வந்து சேராத உனக்கென்றே செய்த திட்டம் போல இருக்கிறது. இரண்டாவது வரிதான் மனசைப் போட்டுப் பிசைகிறது. எந்த வெயிட்டரிடம் சொல்வாய்? அந்தத் திட்டத்தில் "உன் வெயிட்டர்" என்று ஒருவர் இல்லையே, ரகு.

பழைய முறையில் ராத்திரிச் சாப்பாடு இரண்டு பந்தி. முதல் பந்தி ஆறு மணி வாக்கில், அடுத்தது எட்டே கால் அல்லது எட்டரைக்கு. பயணம் முழுக்க அதே மேஜை, அதே வெயிட்டர், அதே துணை வெயிட்டர். முதல் ராத்திரி ஒரு தடவை சொன்னால் போதும். இரண்டாம் நாளிலிருந்து நீ வாயைத் திறக்கும் முன்பே நிலாவின் தட்டு தனியாக வரும். நீ எடுத்திருக்கும் முறையில் தினமும் வேறு மேஜை, வேறு ஆள். போதாததற்கு ஒவ்வொரு உணவகத்துக்கும் வேறு சமையலறை. நேற்று ஒருவருக்குத் தெரிந்தது இன்றைக்கு இன்னொருவருக்குத் தானாகப் போய்ச் சேராது. நேரக் கட்டுப்பாடு போகும்போது கூடவே இந்த ஞாபகமும் போய்விடுகிறது.

கப்பலில் இஷ்டப்படி சாப்பிடுவது இன்று நேற்று வந்ததில்லை. 1905ல் ஓடத் தொடங்கிய 'அமெரிக்கா' என்ற ஜெர்மன் கப்பலிலேயே, தனிக் காசு கொடுத்து நினைத்ததை வரவழைத்துச் சாப்பிட ரிட்ஸ் பெயரில் ஓர் உணவகம் இருந்தது. 1912ல் டைட்டானிக்கிலும் முதல் வகுப்புக்காரர்களுக்கு அப்படி ஒன்று உண்டு. எல்லாப் பயணிகளுக்கும் பொதுவாக அதைத் திறந்துவிட்டது 2000ல் நார்வீஜியன் குரூஸ் லைன். ஃப்ரீஸ்டைல் என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயரோடு வந்தது: கார்னிவலில் யுவர் டைம், ராயல் கரீபியனில் மை டைம், ஹாலந்து அமெரிக்கா லைனில் ஆஸ் யூ விஷ். உன் சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் சொல்லும் ஞாபகத்தின் மதிப்பு கம்பெனிகளுக்கும் தெரியும். டிஸ்னி கப்பல்களில் 1998ல் முதல் கப்பல் இறங்கிய நாளிலிருந்தே ஒரு ராத்திரிக்கு ஓர் உணவகம் என்று சுற்றி வரவேண்டும். ஆனால் வெயிட்டரும் உன் கூடவே உணவகம் மாறி வருவார். ராயல் கரீபியன் 2014ல் குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலை இறக்கியபோது பெரிய சாப்பாட்டுக் கூடத்தையே எடுத்துவிட்டு, பல சின்ன உணவகங்களாகப் பிரித்து முன்பதிவு முறை வைத்தது. அடுத்த வருஷமே, வேண்டுமென்கிறவர்களுக்கு நேரத்தையும் வெயிட்டரையும் நிலையாக வைத்து உணவகம் மட்டும் மாறும் ஒரு வழியையும் சேர்த்தது. கொஞ்ச காலத்தில் அந்தச் சின்ன உணவகத் திட்டமே முழுக்கக் கைவிடப்பட்டது.

ஆகவே, திட்டத்தை மாற்றாதே. அதற்குள்ளேயே ஒரு வெயிட்டரைப் பிடித்துக்கொள். இது செய்யக்கூடிய காரியம்தான். ஏறிய அன்று மத்தியானம், பெட்டிகள் அறைக்கு வரும் முன்பே, மெயின் டைனிங் என்கிற பெரிய சாப்பாட்டுக் கூடத்தின் வாசலுக்குப் போ. முதல் நாள் சாப்பாட்டு ஏற்பாடுகளை மாற்றித்தர அங்கே ஆள் உட்கார்ந்திருப்பார்கள். இல்லையென்றால் ஹெட் வெயிட்டர் எங்கே என்று கேள். தினமும் ஐந்தே முக்காலுக்கு, ஒரே வெயிட்டரின் பகுதியில், நால்வருக்கு மேஜை வேண்டும் என்று சொல். அதே மேஜை கிடைக்காவிட்டாலும் அதே ஆளின் பகுதி கிடைத்தால் போதும். ஒரு ராத்திரி வராவிட்டால் அதற்கு முந்தின நாளே சொல்லிவிடு. நிலையான பந்திக்கு மாறிவிடலாமா என்றும் உனக்குத் தோன்றலாம். பந்தியிலிருந்து உன் திட்டத்துக்கு வருவது சுலபம், திரும்பிப் போவது கஷ்டம். முதல் பந்திதான் எப்போதும் முதலில் நிரம்பும்.

ஐந்தே முக்கால் என்று சும்மா சொல்லவில்லை. எந்த நேரமும் வரலாம் என்று சொன்னாலும் கூட்டம் எந்த நேரமும் வருவதில்லை. ஆறே முக்காலிலிருந்து ஏழே முக்கால் வரைதான் எல்லாருக்கும் பசிக்கும். துறைமுகத்தில் இறங்கிய நாட்களில் இன்னும் மோசம், எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி, குளித்து, ஏழு மணிக்கு வாசலில் நிற்பார்கள். பந்திக்கு முந்தச் சொன்ன பெரியவர்கள் இதைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கவேண்டும்.

உள்ளே போனபிறகும் ஏன் தாமதமாகிறது என்பது தெரிந்தால் உனக்குக் கோபம் வராது. பந்தி முறையில் வெயிட்டரின் எல்லா மேஜைகளும் ஒரே கட்டத்தில் இருக்கும். எல்லாருக்கும் சூப் என்றால் எல்லாருக்கும் சூப்தான். சமையலறை வரிசையில் ஒரு தடவை நின்று, மூடி போட்ட தட்டுகளை அடுக்கடுக்காக ஒரே பெரிய ட்ரேயில் ஏற்றித் தோளில் தூக்கி வந்துவிடுவார். உன் முறையில் ஒரு மேஜை இனிப்பில் இருக்கும், ஒன்று சூப்பில் இருக்கும், ஒன்று அப்போதுதான் மெனுவைப் பிரித்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி நடை. அதே ஆள், அதே கால், இரண்டு மடங்கு தூரம். மூன்று சுற்றுச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள். எட்டு மணிக்கு நாடகம் பார்க்கவேண்டுமென்றால் உட்காரும்போதே சொல்லிவிடு, இனிப்பு வரும்போது சொன்னால் அவரால் ஒன்றும் செய்யமுடியாது.

இனி நிலா. இதை மட்டும் சுமதியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படி.

கப்பல் கிளம்பப் பல வாரம் முன்பே சிறப்பு உணவுத் தேவைக்கென்று ஒரு படிவமோ மின்னஞ்சல் முகவரியோ கம்பெனியில் இருக்கும். இன்றைக்கே அனுப்பு. நிலாவின் பெயரில் அனுப்பு, உன் பெயரில் அனுப்பாதே. குறிப்பு ஆளுக்கு ஆள் ஏறும். வந்த பதிலைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள். ஏறிய அன்று ஹெட் வெயிட்டரிடம் அந்தத் தாளைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேள்: இந்தக் குறிப்பு இந்தக் கூடத்துக்கு மட்டுமா, எல்லா உணவகத்துக்குமா? பதில் எப்படி இருந்தாலும், குழந்தைகள் கிளப், நீச்சல்குளத்துப் பக்கத்துக் கடை, அறைக்கு வரும் சாப்பாடு மூன்றிலும் நீயே தனித்தனியாகச் சொல்லிவிடு.

சொல்லும் விதமும் முக்கியம். "கடலை வேண்டாம்" என்றால் பிடிக்காது போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, மேலே தூவியதை மட்டும் நீக்கிக் கொடுத்துவிடலாம். "அலர்ஜி" என்ற வார்த்தையையே சொல். அதற்கு நடைமுறை வேறு. ஆங்கிலத்தில் ஒரு சின்ன அட்டை எழுதிக்கொள்: நிலக்கடலை அலர்ஜி, சாப்பிட்டால் மூச்சு அடைக்கும், எண்ணெய், சாஸ், இனிப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும், அறை எண் இன்னது. ஒவ்வொரு வேளையும் ஆர்டர் கொடுக்கும் முன் அதை வெயிட்டர் கையில் கொடு. பல நாட்டு ஆட்கள் வேலை செய்யும் இடம், உன் உச்சரிப்பை நம்பாதே.

அலர்ஜிக்காரர்களுக்குக் கப்பலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ராத்திரிச் சாப்பாடு முடிகிற நேரத்தில் ஹெட் வெயிட்டர் மறுநாள் மெனுவைக் கொண்டுவருவார். நிலாவுக்கு எது வேண்டும் என்று நீங்கள் சொல்ல, அவர் பேனாவால் வட்டம் போட்டு, எதை எப்படி மாற்றவேண்டும் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டு போவார். அந்தத் தாள்தான் நாளைக்கு அவள் தட்டு. ஆனால் தாள் அந்தக் கூடத்துச் சமையலறைக்குத்தான் போகும். மறுநாள் சாயங்காலம் நீ மனசு மாறி வேறு உணவகத்தில் நுழைந்தால் அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. அதனால் நாளைய இடத்தை இன்றைக்கு ராத்திரியே முடிவு செய். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் "பார்த்துக்கலாம்" வேண்டாம், ரகு.

தட்டு வந்ததும், வைப்பதற்கு முன் "இது அலர்ஜி தட்டா?" என்று மறுபடி கேள். பல கப்பல்களில் அந்தத் தட்டை மட்டும் ஹெட் வெயிட்டரே தனியாக எடுத்துவருவார். மற்றத் தட்டுகளோடு ஒன்றாக ட்ரேயில் வந்தால் கட்டாயம் கேள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பஃபேதான் எனக்குப் பெரிய பயம். அங்கே பண்டத்தைவிடக் கரண்டியைப் பார். பக்கத்துப் பாத்திரத்தில் கடலைத்தூள் போட்ட சாலடில் கிடந்த இடுக்கியை யாரோ ஒருவர் எடுத்து, இந்தப் பக்கம் வெறும் வெள்ளரிக்காயில் போட்டுவிட்டுப் போவார். லேபிளில் கடலை இல்லை என்றுதான் இருக்கும். ஐஸ்கிரீம் கரண்டி எல்லா வகையையும் தொட்டுவிட்டு ஒரே தண்ணீரில் ஊறும். அவளுக்கு வேண்டியதைப் பின்பக்கச் சமையலறையிலிருந்து புதிதாக எடுத்துத்தரச் சொல், தருவார்கள். காலைச் சாப்பாட்டில்தான் பலர் ஏமாறுவது: ராத்திரி உன்னைத் தெரிந்த வெயிட்டர் காலையில் வேறெங்கோ வேலையில் இருப்பார். யாரிடம் போவதென்று முதல் நாளே கேட்டு வை.

தனிக் காசு உணவகத்துக்கு ஒரு ராத்திரி போக ஆசையாக இருந்தால் கிரில் வகை இடமாகப் பார். சமையல் நேரடியானது, என்ன சேர்ந்தது என்று சரிபார்க்கலாம். எல்லாருக்கும் ஒரே இரும்புக் கல்லில் சமைக்கும் டெப்பன்யாகி வேண்டாம். கடலை சாஸ் புழங்கும் ஆசிய உணவகம் வேண்டவே வேண்டாம். ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டுப் போ. ரத்து செய்வதானாலும் முன்னாலேயே செய், கடைசி நேரத்தில் போகாவிட்டால் பல கப்பல்களில் காசு பிடித்துக்கொள்வார்கள்.

நிலாவின் அலர்ஜி அவசர ஊசி இரண்டும் உங்கள் கூடவே இருக்கட்டும். அறையில் வைத்துவிட்டு வந்தால், லிஃப்டுக்குக் காத்திருந்து பத்து தளம் ஏறி எடுத்துவரவேண்டியிருக்கும். போட்டவுடன் அவசர எண்ணில் மருத்துவ அறையைக் கூப்பிடவேண்டும், அவளை நடக்கவிடாதே. அது எந்தத் தளம், அவசர எண் என்ன என்று முதல் நாளே பார்த்துவை. அவளுக்குச் சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவர் பார்க்கத்தான் வேண்டும்.

அம்மாவுக்கு: வாசலுக்குப் பக்கத்து மேஜையாகக் கேள். கூடம் பெரியது, உள்ளே நடக்கவே தூரம். அநேகமாகக் கப்பலின் பின்பக்கம் இருக்கும், கடைசி மேஜைகளில் எஞ்சின் அதிர்வு தெரியும். காத்திருக்கச் சொன்னால் நிற்கவிடாதே. பேஜரோ செயலிச் செய்தியோ தருவார்கள், உட்கார்ந்திருக்கலாம். அம்மாவின் மாத்திரைக்குக் கப்பல் நேரத்தையே பார். கரையோரம் போகும்போது செல்போன் உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறிவிடும், கப்பல் கடிகாரம் மாறாமல் இருக்கலாம்.

மேஜை முன்பதிவு செயலியைக் கிளம்பும் முன்பே இறக்கிக்கொள். கப்பல் வைஃபையில் அது வேலை செய்ய இன்டர்நெட் காசு பெரும்பாலும் வேண்டாம். ஏழு மணி இடங்கள் தீர்ந்துவிட்டன என்று காட்டினால் கலங்காதே, நேரே வருகிறவர்களுக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஏறிய அன்று மத்தியானம் எல்லாரும் பஃபேயில் நெரிவார்கள். மெயின் டைனிங் திறந்திருக்கிறதா என்று கேட்டுப் பார், திறந்திருந்தால் காலியாக இருக்கும், ஹெட் வெயிட்டரையும் அங்கேயே பிடித்துவிடலாம்.

படிவம் அனுப்பிய அன்றைக்கே எனக்கு ஒரு வரி போடு. அவர்கள் பதில் வந்ததும் அதையும் அப்படியே அனுப்பு, சேர்ந்து படிப்போம். ஊசிகளின் காலாவதித் தேதியைச் சுமதியை இன்றைக்கே பார்க்கச் சொல்.

உன்,
கண்ணன்