ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ராஜகிரி ஏறுகிறார்கள்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

வருகிற சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போகிறோம். "தினமும் பார்க்கிற மலைதானே சார், அதுக்கு எதுக்கு டூர்?" என்று உங்களில் மூன்று பேர் போனில் கேட்டீர்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கோட்டைக்குள் இருக்கிற ராஜகிரி மலை உச்சி வரை ஏறியவர்கள் கை தூக்குங்கள் என்று வகுப்பில் கேட்டேன். ஐந்து கைதான் உயர்ந்தது. மற்றவர்கள் எல்லாம் கல்யாண மகால் பக்கத்துப் புல்லில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுத் திரும்பியவர்கள்.

மலை ஏறக்குறைய 800 அடி. கமலக்கண்ணியம்மன் கோயில் வரை பேசிக்கொண்டே ஏறிவிடலாம், அதற்கு மேல் மூச்சு வாங்கும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை பிளந்து ஆழமான ஒரு பள்ளம் கிடக்கும், அதைத் தாண்ட ஒரு சின்னப் பாலம். அந்தப் பாலத்தின் மேல் பிள்ளைகளை ஒரு நிமிடம் நிற்க வைத்துக் கீழே பார்க்கச் சொல்லப் போகிறேன். பாலத்தை எடுத்துவிட்டால் அப்புறம் மேலே வர வழி ஏது? சிவாஜி 1677-ல் பிடித்த கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்தபோது முகலாயப் படை 1690-ல் வந்து சுற்றி வளைத்தது, கோட்டை விழுந்தது 1698-ல், அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். பாடப் புத்தகத்தில் ஒரே வரியில் முடிகிற இந்த எட்டு வருடம், மேலே உள்ள களஞ்சியத்தையும் சுனைகளையும் பார்த்தால்தான் பிள்ளைகளுக்குப் புரியும்.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜாவைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரி பாக்கி என்று ஆற்காட்டு நவாப் பெரும்படையோடு வந்தபோது, 1714-ல், கையில் இருந்த கொஞ்சம் பேரோடு எதிர்த்துப் போய் இறந்தவர். செட்டிக்குளக்கரையில் அவரை எரித்த இடம் என்று நம் ஊரில் காட்டுவார்கள், அங்கேயும் போகிறோம். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்களின் முன்னால் நம் பிள்ளைகளே போட்டோ எடுத்திருக்கிறார்கள், அவை செஞ்சியிலிருந்து போன கல் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். போன முறை நம் மாணவர்கள் இரண்டு பேர் களஞ்சியத்தின் காரைச் சுவரில் ஆணியால் பெயர் கீறிவிட்டார்கள். காவலாளி என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார், சுண்ணாம்பு பெயர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. விரலால் தடவினால் மாவு மாதிரி உதிர்ந்தது. அதைத் திரும்ப ஒட்ட என்னால் முடியாது. தயவுசெய்து வீட்டில் ஒரு தடவை எடுத்துச் சொல்லி அனுப்புங்கள்.

காலை ஏழரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டும், கேட் திறந்ததும் ஏறத் தொடங்கினால்தான் பாறை சுடுவதற்குள் இறங்க முடியும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு அனுப்புங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சாப்பாடு மூடியுள்ள டப்பாவில், பைக்குள். கையில் கவர் தெரிந்தால் குரங்கு விடாது. 15 வயதுக்குக் கீழே நுழைவுக் கட்டணம் இல்லை, ஆதார் நகல் போதும். ஆஸ்துமா, வலிப்பு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் என்னை நேரில் வந்து பாருங்கள், கீழே அவர்களோடு இருக்க ஓர் ஆசிரியரை வைத்திருக்கிறேன்.

சம்மதக் கடிதத்தை வியாழனுக்குள் கொடுத்துவிடுங்கள். அப்புறம், தேசிங்கு கதைப்பாட்டு தெரிந்த தாத்தா பாட்டி யார் வீட்டிலாவது இருந்தால், நாலு வரி கேட்டு எழுதி அனுப்புங்கள். ரங்கநாதர் கோயில் வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பாடச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்